சைக்கிளோடு டலா ஃபெரி: தண்ணீர் பார்த்துப் போனால் இதைவிட நல்ல வண்டி ரங்கூனில் இல்லை

ரங்கூனில் சைக்கிளோடு ஏறிப் போகக்கூடிய பொது வண்டி எது என்று நம்ம ஆட்கள் யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். பான்சோடான் துறையிலிருந்து ஆற்றின் அக்கரையில் இருக்கிற டலாவுக்குப் போகிற ஃபெரி. டவுன் பஸ்ஸில் முடியாது, ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் சைக்கிளுக்கென்று இடம் கிடையாது, வெளியூர் ரயிலில் பார்சலாகப் போட்டால்தான் உண்டு. ஃபெரியில் மட்டும்தான் சைக்கிளை நீங்களே தள்ளிக்கொண்டு போய், அதன் பக்கத்திலேயே நின்று, அக்கரையில் தள்ளிக்கொண்டு இறங்கி, அப்படியே ஏறி மிதிக்கலாம். எனக்கு வேலை டலாவில், வீடு மொகல் தெருப் பக்கம், அதனால் இது அன்றாடப் பயணம். காளியம்மன் கோயிலில் பார்க்கிற பையன்கள் சில பேர் புதிதாகச் சைக்கிள் வாங்கிவிட்டு எப்படிப் போவது, எங்கே நிறுத்துவது, விழுந்துவிடாதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் படகைப் பற்றி. இந்தத் துறையின் செர்ரி படகுகளை எல்லோருக்கும் தெரியும், ஜப்பான் அரசாங்கம் 2014-ல் கொடுத்தது, செர்ரி ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர். இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் கூடை, மூட்டை, சைக்கிள், கோழி, ஐஸ் பெட்டி எல்லாம், மேல்தட்டில் காற்று வாங்குகிறவர்கள். ஆற்றைக் கடக்கப் பத்து நிமிடம் போல ஆகும். மேலே குட்டி பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், காடை முட்டை, வெற்றிலை, சுருட்டு, சூரியகாந்தி விதை என்று விற்கிறவர்கள் ஏறிவிடுவார்கள். சைக்கிள் வைத்திருக்கிறவனுக்கு அந்த மேல்தட்டு யோகம் கிடையாது, சைக்கிளோடு கீழேதான் நிற்க வேண்டும், ஆனால் எனக்கு அதில் குறை இல்லை, ஆற்றுக் காற்று கீழேயும் நன்றாகவே வருகிறது.

கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு மிகக் குறைவு. அடிக்கடி மாறுகிறது என்பதால் எண்ணைப் போடவில்லை, சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஊரிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, சொந்தக்காரர்கள் வந்து கூட வருகிறார்கள் என்றால் அவர்கள் வெளிநாட்டவர் சீட்டு எடுக்க வேண்டும், அது நம்மதை விட எவ்வளவோ அதிகம், பாஸ்போர்ட்டும் கேட்பார்கள், வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். சைக்கிளோடு இந்தப் படகில் போவது சுலபமா கஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது படகு இல்லை, ஆறு. ரங்கூன் ஆறு கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆறு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே 5 மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வந்துவிடும், அஷ்டமி நவமிப் பக்கம் அதில் பாதிதான் இருக்கும். படகு வந்து அணைகிற மேடை மிதவை, தண்ணீரோடு ஏறி இறங்கும். கரை அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்ப்பது ஒரு இரும்புப் பாலம். தண்ணீர் நிறைந்திருந்தால் அந்தப் பாலம் தரை மாதிரி மட்டமாக இருக்கும், சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே போய்விடலாம். வற்றிய நேரத்தில் அதே பாலம் கீழே பார்த்துச் சரிந்து நிற்கும். பான்சோடான் பக்கம் சரிவில் இறங்கினால் டலா பக்கம் சரிவில் ஏறவேண்டும், ஆக ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் உண்டு. பின்னால் கேரியரில் அரிசி மூட்டையோ, தண்ணீர் கேனோ கட்டியிருந்தால் அந்த நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும்.

அதனால் நான் சொல்வது, வீட்டில் மாட்டியிருக்கிற நாள்காட்டியைப் பாருங்கள். திதி போட்டிருக்கும். அமாவாசையோ பௌர்ணமியோ பக்கத்தில் வருகிறது என்றால் அன்றைக்குச் சுமை குறைத்துப் போங்கள், அல்லது தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்துக் கிளம்புங்கள். தண்ணீர் ஏறுகிற நேரம் ஒரு நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிக்கொண்டே போகும், இன்று எப்போது ஏறியது என்று தெரிந்தால் நாளைக்குக் கணக்குப் போட்டுவிடலாம். துறையில் சுமை தூக்குகிறவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள், அவர்கள் முதுகுக்குத்தான் அது முதலில் தெரியும்.

சரிவில் இறங்கும்போது சைக்கிளுக்கு முன்னால் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, பின் பிரேக்கைப் பாதி பிடித்து, காலைப் பாலத்தின் குறுக்குச் சட்டங்களில் வைத்து வைத்து இறங்க வேண்டும். மழைக்காலத்தில் இரும்பு வழுக்கும், ரப்பர் செருப்போடு போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு போவதுதான் நல்லது, கீரைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் பின்பக்கச் சுமை சைக்கிளைச் சுற்றி எறிந்துவிடும். ஏறும்போது யாராவது ஒரு ஆள் பின்னால் கை கொடுப்பார், கேட்கக்கூட வேண்டாம். "அகோ (அண்ணே), தள்ளுகிறேன்" என்று தானாக வந்து பிடிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அந்தத் துறையின் மரியாதை அது, நான் வேறு எந்த வண்டியிலும் பார்க்காதது.

எந்தப் பக்கம் எப்போது போவது என்பதும் முக்கியம். காலையில் டலாவிலிருந்து ரங்கூனுக்கு வருகிற கூட்டம் பயங்கரம், வேலைக்கு வருகிறவர்கள், சந்தைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று படகு நிரம்பி வழியும். சாயங்காலம் அப்படியே மாறி இங்கிருந்து அங்கே போகும். நான் எதிர்ப்பக்கம் போகிறவன் என்பதால் காலையில் எனக்குக் கீழ்த்தட்டு பாதி காலி, நிம்மதியாக நிறுத்திவிட்டு நிற்கலாம். டலாவில் வீடு, ரங்கூனில் வேலை என்றால் சைக்கிளோடு வருவது இதே படகில் முற்றிலும் வேறு அனுபவம், அவர்களுக்கு என் ஆலோசனை, முடிந்தால் விடியும் முன் வருகிற படகைப் பிடியுங்கள், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு படகு இருக்கிறது, நெரிசலில் முண்டியடித்து ஏறுவதை விட அடுத்ததற்கு நிற்பது மேல்.

உள்ளே எங்கே நிறுத்துவது? வாசலுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். படகு அக்கரையை நெருங்கும்போதே, இன்னும் கயிறு போடும் முன்னாலேயே, எல்லோரும் எழுந்து வாசலில் வந்து நின்றுவிடுவார்கள், நடுவில் உங்கள் சைக்கிள் நின்றால் கூடைக்காரம்மாவின் கூடை உங்கள் ஹேண்டிலில் மாட்டும், சண்டை வரும். பக்கவாட்டுக் கம்பியோரம், கொஞ்சம் பின்னால் தள்ளி, சைக்கிளைக் கம்பிக்கு இணையாக நிறுத்துங்கள். பெடல் கம்பிப் பக்கம் பார்த்து இருக்கட்டும், வெளிப்பக்கம் இருந்தால் யாருடைய லோஞ்சியாவது (பர்மா கைலி) மாட்டிக் கிழியும். அப்புறம் கூட்டம் இறங்கும் வரை அசையாமல் நில்லுங்கள். கடைசி ஆளாக இறங்கினால் இரண்டு நிமிடம்தான் போகும், பாலம் முழுக்க உங்களுடையது.

படகு மிதவையில் அணையும்போது ஒரு இடி இடிக்கும். தெரியாதவர்களின் சைக்கிள் அப்போதுதான் சாயும். இதற்கு ஒரு வழியை ஒரு வாழைப்பழக்காரப் பெரியவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பழைய டியூபில் விரலகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி ஹேண்டிலிலேயே மாட்டி வைத்திருப்பார். சைக்கிளை நிறுத்தியதும் பிரேக் பிடியை இழுத்து அந்த வளையத்தை அதன் மேல் தள்ளிவிடுவார், பிரேக் பிடித்தபடியே நிற்கும், சக்கரம் உருளாது. இறங்கும்போது வளையத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் முடிந்தது. இரண்டு பக்கமும் பெரிய சீப்பு சீப்பாகப் பழம் தொங்குகிற அந்தச் சைக்கிள் எவ்வளவு இடித்தாலும் ஒரு அங்குலம் நகர்ந்து நான் பார்த்ததில்லை. காசு கொடுத்து வாங்குகிற எந்தச் சாமானும் இதற்கு ஈடு இல்லை.

எந்தச் சைக்கிள் இதற்குச் சரி என்று கேட்டால், பையன்கள் வாங்குகிற மலைச் சைக்கிள் எனக்கு உடன்பாடில்லை. ஒற்றைக்கால் ஸ்டாண்டு, அகலமான ஹேண்டில், கூடை கிடையாது, மட்கார்டு கிடையாது. படகுத் தட்டில் ஒற்றைக்கால் ஸ்டாண்டு நிற்காது, கம்பியில் சாய்த்து வைத்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். இங்கே எங்கும் கிடைக்கிற ஜப்பான் பழைய சைக்கிள் வாங்குங்கள். பின் சக்கரத்தையே தூக்கி நிறுத்துகிற இரட்டைக்கால் ஸ்டாண்டு, முன்னால் கூடை, பின் சக்கரத்தில் வளையப் பூட்டு, செயினுக்கு மூடி, டலா ரோட்டுச் சேறு தெறிக்காத மட்கார்டு, எல்லாமே இந்தப் பயணத்துக்கு என்றே செய்தது போல அமைந்திருக்கிறது. கனம் கொஞ்சம் அதிகம், வற்று நேரத்தில் அது தெரியும், ஆனாலும் நான் மாற்ற மாட்டேன். இன்னொரு வகையும் நாட்டில் உண்டு. மைக் தான் துன் வின் என்பவர் 2019-ல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாடகைச் சைக்கிள் கம்பெனிகள் கைவிட்ட சைக்கிள்கள் 10,000-ஐ வாங்கிக் கொண்டுவந்து, பூட்டை மாற்றி, பின்னால் இன்னொரு ஆள் உட்கார இருக்கை வைத்து, தொலைவிலிருந்து நடந்து பள்ளிக்கூடம் போகிற கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அது பிள்ளைகளுக்கு என்று வந்தது, நாம் விலைக்குத் தேடக் கூடாது, ஆனால் ஒரு சைக்கிள் ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும் என்று புரிந்த ஒரு மனிதரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

டவுனுக்குள்ளே துறை வரை போவது தனிக் கதை. ரங்கூனில் 2003-லிருந்து மோட்டார் சைக்கிள் தடை, அது தெரிந்ததுதான், ஆனால் பெரிய ரோடுகள் பலவற்றில் சைக்கிளுக்கும் தடை உண்டு, பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷாவான சைக்காவுக்கும் உண்டு. நான் மொகல் தெருவிலிருந்து குறுக்குச் சந்துகளிலேயே வந்து, சூலே பகோடா ரோட்டைத் தள்ளிக்கொண்டே கடந்து, பேங்க் தெரு வழியாகப் பான்சோடான் வந்துவிடுவேன். கடைசியில் ஸ்டிராண்ட் ரோடு. லாரிகள் நிற்காது. மிதித்துக் கடக்க நினைக்காதீர்கள், இறங்கி, நடக்கிற கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிக்கொண்டு கடந்தால் டிரைவர்களும் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

டலா பக்கம் மோட்டார் சைக்கிள் தாராளமாக ஓடும். இறங்கினதுமே மோட்டார் சைக்கிள்காரர்களும் சைக்காக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள், சைக்கிளைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள். துறை நெரிசல் தாண்டும் வரை தள்ளுங்கள், அப்புறம் தட்டையான பூமி, மேடு என்பதே இல்லை. ஒரு காலத்தில் இராவதி ஃப்ளோட்டிலா கம்பெனியின் கப்பல் பட்டறை டலாவில்தான் இருந்தது. 1865-ல் தொடங்கிய கம்பெனி, 600-க்கும் மேற்பட்ட படகுகள் ஓட்டியது, 1942-ல் ஜப்பான் படை நெருங்கியபோது கையில் சிக்கக் கூடாது என்று தங்கள் படகுகளைத் தாங்களே ஆற்றில் மூழ்கடித்தார்கள். நம்ம தாத்தா பாட்டிமார் ஆயிரக்கணக்கில் நடந்தே இந்தியாவுக்குப் போன வருடமும் அதுதான். அந்த ஆற்றில் இன்றைக்கு நம்மை ஏற்றிக்கொண்டு போவது ஜப்பான் கொடுத்த படகு என்பதை நினைத்துப் பார்த்தால் மனசுக்கு என்னவோ செய்யும்.

நேரம் இருக்கிறவர்கள் துவாந்தே வரை மிதிக்கலாம், இருபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே பானை செய்கிற தெருக்கள் இருக்கின்றன, பெரிய பெரிய ஜாடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். போகிற வழியில் குளத்து நடுவில் இருக்கிற பாம்புப் பகோடா, உள்ளே மலைப்பாம்புகள் தாராளமாகச் சன்னல் கம்பியிலும் புத்தர் காலடியிலும் சுருண்டு கிடக்கும், நம்ம வீட்டு அம்மாமார் நாகாத்தம்மா என்று கும்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குச் சைக்கிளில் போக இந்த ஃபெரி உதவுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். உதவாது. அது தன்லின் பக்கம், பாலத்து வழி.

மற்ற வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன், நீளமாக வேண்டாம். 2017 ஜனவரியில் பழைய பஸ் முறை போய் ஒய்பிஎஸ் என்கிற ரங்கூன் பஸ் சேவை வந்தது, வண்டிகள் மேல், ஆனால் சைக்கிளை நினைத்துச் செய்தவை அல்ல. மடக்குச் சைக்கிளைப் பையில் போட்டு மதிய நேரத்தில் ஏறலாம், அதுவும் டிரைவர் மனசு. வட்ட ரயில் கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர் சுற்றுகிறது, தன்யின்கோன் சந்தையின் முட்டைக்கோஸ் மூட்டைகள் எல்லாம் ஏறுகிற ரயில், சைக்கிளுக்கும் ஒரு மூலை ஒதுக்கினால் எத்தனையோ பேர் பிழைப்புக்கு உதவும். வெளியூர் ரயிலில் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் எடை போட்டு, ரசீது வாங்கி, சரக்குப் பெட்டியில் ஏற்றிவிடலாம், பாதுகாப்பாகவே போய்ச் சேரும், ரசீதை மட்டும் தொலைக்கக் கூடாது.

ஹைவே பஸ்ஸில்தான் எனக்கு மனக்கசப்பு. சில வருடங்களுக்கு முன் மோல்மேனுக்குச் சைக்கிளோடு போனபோது, பெயர் சொல்ல வேண்டாம், ஒரு கம்பெனி பஸ்ஸில் கிளம்பும் இடத்தில் ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டு, கீழே சாமான் அறையில் சைக்கிளைப் படுக்க வைத்து, அதன் மேலே மோட்டார் ஒன்றை ஏற்றிவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு நிற்கும்போதே கதவைச் சாத்தினார்கள். இறங்கும் இடத்தில் மட்கார்டு சக்கரத்தோடு ஒட்டிப்போய்க் கிடந்தது, அதற்கு மேல் இன்னும் பணம் கேட்டார்கள். வாங்கின பணத்துக்குச் சாமானை ஒழுங்காக வைப்பது என்ன பெரிய விஷயம்? அதனால் ஹைவே பஸ் என்றால் முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, அட்டை சுற்றி, கடைசி ஆளாக நின்று நீங்களே உள்ளே வையுங்கள். தொகையைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

டலாவுக்குப் பாலம் வரப்போகிறதே, அப்புறம் ஃபெரி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: கொரியா உதவியோடு அந்தப் பாலத்துக்கு 2018 டிசம்பரில் பூஜை போட்டார்கள். காருக்கும் லாரிக்கும் ஆம்புலன்சுக்கும் அது அவசியம், இரவில் டலாவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. ஆனால் கீழே கப்பல் போக வேண்டிய பாலம் உயரமாகத்தான் ஏறும், காற்றுக்கும் வெயிலுக்கும் லாரிக்கும் நடுவில் கீரைக்கட்டோடு ஒரு ஐம்பது வயதுக்காரம்மா அதில் மிதிக்க முடியாது. துறையிலிருந்து துறைக்குப் போகிற ஃபெரி அவரைப் போன்றவர்களுக்கு இருந்தே ஆக வேண்டும், இதை எங்கே கேட்டாலும் நான் சொல்வேன்.

படகில் எனக்கு இருக்கிற ஆசை சின்ன ஆசைதான். கீழ்த்தட்டுக் கம்பியோரம் சைக்கிளைக் கட்ட நாலைந்து கொக்கி, ஒரு மஞ்சள் கோடு, பாலத்தின் ஒரு ஓரத்தில் சக்கரம் வழுக்காத ரப்பர் பட்டை. பெரிய செலவு இல்லை. இப்போதைக்கு என் மதிப்பு ஐந்துக்கு நாலரை.

குழந்தையைக் கேரியரில் வைத்துப் போகிறவர்கள் பாலத்தில் குழந்தையை இறக்கி நடக்க வையுங்கள், வற்று நேரத்தில் ஒரு ஆள் குழந்தையோடு, ஒரு ஆள் சைக்கிளோடு. நவம்பரிலிருந்து மார்ச் வரை கடற்காகங்கள் படகைச் சூழ்ந்துகொண்டு பறக்கும், பிள்ளைகள் பொரி எறிந்து விளையாடும், குழந்தைகளைக் கூட்டிப்போக அதுதான் நல்ல பருவம், டிசம்பர், ஜனவரியில் வெயிலும் அடங்கியிருக்கும், துவாந்தே ரோட்டிலும் சேறு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் போவதாக இருக்கிறேன், மலைச் சைக்கிளோ ஜப்பான் சைக்கிளோ எதுவானாலும் சரி, வருகிறவர்கள் விடிந்ததும் துறை வாசலுக்கு வந்துவிடுங்கள், டியூப் வளையம் நான் எல்லோருக்கும் சேர்த்து வெட்டிக்கொண்டு வருகிறேன்.